கோறணமேந்துச் சம்பளமும் கம்பனிச் சம்பளமும்: நெருக்கடிக் காலங்களின் கணக்கு

பொருளாதாரம் சரிவு காணும் ஒவ்வொரு தடவையும் இலங்கையில் ஒரே வாக்குவாதம் தலைதூக்குவதைக் கண்டுவருகிறேன். அரசாங்க ஊழியர்கள் வேலை செய்யாமலே சம்பளம் பெறுகிறார்கள், நாட்டின் திறைசேரியை அவர்களே தின்றுவிட்டார்கள் என்று தனியார் துறையினர் சொல்வார்கள். கம்பனிகளில் வேலை செய்வோருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் அரைவாசிகூட எமக்கு இல்லை, எமது சேவைக்கு மதிப்பே இல்லை என்று அரசாங்க ஊழியர்கள் பதிலளிப்பார்கள். 2022 ஆம் ஆண்டு நாடு வங்குரோத்து அடைந்தபோது இந்தச் சச்சரவு உச்சத்துக்குச் சென்றது. இன்றும் அது ஓய்ந்தபாடில்லை.

முப்பது வருடங்களுக்கு மேலாகத் தனியார் பத்திரிகைகளில் சம்பளம் பெற்று வாழ்ந்தவன் நான். எனவே எனக்கும் இதில் ஒரு பக்கச்சார்பு இருக்கக்கூடும். ஆனால் கடந்த ஒரு நூற்றாண்டில் இந்த நாடு சந்தித்த நெருக்கடிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இரு தரப்பினரும் தவறான கணக்கு ஒன்றையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழி யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். தண்ணீருக்குக் கிணற்றையும் மழையையும் நம்பியிருந்த, ஆளுக்குச் சில பரப்புக் காணி மட்டுமே இருந்த ஒரு குடாநாட்டில், மிஷனரிமார் கொண்டுவந்த ஆங்கிலக் கல்வியைப் பற்றிக்கொண்டு மேலெழுந்த சமூகம் ஒன்றின் வாழ்க்கைத் தத்துவமாகவே அது இருந்தது. இலங்கையின் கச்சேரிகளிலும் புகையிரதத் திணைக்களத்திலும் தபால் கந்தோர்களிலும் மாத்திரமன்றி, மலாயாவின் புகையிரத சேவையிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எமது முன்னோர் இலிகிதர்களாகப் பணியாற்றினார்கள். ஊர் திரும்பிய 'மலாயன் பென்ஷனியர்' கட்டிய நாற்சார வீடுகள் வடபகுதிக் கிராமங்களில் நெடுங்காலம் நிமிர்ந்து நின்றன.

இந்தப் பழமொழிக்கு அடிப்படையாக இருந்த அனுபவம் என்ன என்பதை ஆராய்ந்தால் நாம் 1930 களுக்குச் செல்லவேண்டியிருக்கும்.

1929 இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் இலங்கையைத் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்று பொருட்களின் ஊடாகத் தாக்கியது. மூன்றினதும் விலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. இறப்பர்த் தோட்டங்கள் பல மூடப்பட்டன. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டு, 1929 இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்பதே அது. மை காய்வதற்குள் அந்தச் சதங்களும் வெட்டப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் கூலி மீண்டும் மீண்டும் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். கொழும்பில் வெள்ளவத்தை நூல் நூற்பு நெசவாலையில் கூலி குறைக்கப்பட்டதை எதிர்த்து 1933 இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். அதற்குத் தலைமை தாங்கிய இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வாவும் அவரது தோழர்களும் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினார்கள் என்பது வரலாறு.

அரசாங்கமும் ஆட்குறைப்புச் செய்தது. நாளாந்தக் கூலிக்கு வேலை செய்தவர்களே அதில் முதலில் அடிபட்டார்கள். ஆனால் நிரந்தர உத்தியோகத்தில் இருந்தவரின் நிலை வேறு. 1931 இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பு, பொதுச் சேவையாளரின் சம்பளம், ஓய்வூதியம் ஆகிய உரிமைகளை அரசாங்க சபை இலகுவில் தொட முடியாதபடி ஆளுநரின் விசேட அதிகாரத்துக்குள் வைத்திருந்தது. இதைவிட முக்கியமான விடயம் ஒன்றும் உண்டு. அந்த மந்தம் விலைகள் வீழ்ந்த மந்தம். அரிசியின் விலை குறைந்தது. துணியின் விலை குறைந்தது. மாதம் 100 ரூபா சம்பளம் வாங்கிய இலிகிதர் ஒருவர், வேலை பறிபோகாதவரை, முன்னர் அதே 100 ரூபாவுக்கு வாங்கியதைவிடக் கூடுதலான பொருட்களை வாங்கக்கூடியவராக இருந்தார். ஊரெல்லாம் ஏழையாகும்போது அவர் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருந்து செல்வந்தரானார். கோறணமேந்து உத்தியோகத்துக்கு எமது மண்ணில் ஏற்பட்ட மகிமைக்கு ஆங்கிலேயர் மீதான மயக்கம் மாத்திரம் காரணமல்ல. மாறாத சம்பளம், வீழும் விலை என்ற இரண்டும் சேர்ந்து தந்த பாடமும் ஒரு காரணம். பெண் கொடுக்கும்போது முதலில் உத்தியோகத்தை விசாரித்த எமது பாட்டன்மார் முட்டாள்கள் அல்லர். தமது காலத்தின் பொருளாதாரத்தை அவர்கள் சரியாகவே வாசித்தார்கள்.

தவறு அதன் பின்னரே நேர்ந்தது. அடுத்து வந்த நெருக்கடிகள் அனைத்தும் விலைகள் ஏறிய நெருக்கடிகள். அப்போதும் நாம் பழைய பாடத்தையே ஒப்புவித்துக்கொண்டிருந்தோம்.

கொரிய யுத்தத்தின்போது உயர்ந்த இறப்பர் விலை சரிந்ததும் திறைசேரி வெறுமையானது. 1953 இல் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் பதவி துறந்தார். துறைமுகத் தொழிலாளியும் அரசாங்கச் சிற்றூழியரும் விவசாயியும் ஒரே நாளில் வீதிக்கு இறங்கியதற்குக் காரணம், பங்கீட்டு அரிசி எல்லோருடைய சம்பளத்திலும் எழுதப்படாத ஒரு பகுதியாக இருந்தமையாகும். யார் எங்கே வேலை செய்தாலும் அந்தப் பகுதி சமமாகவே வெட்டப்பட்டது. ஆகவே அன்று அரசாங்கத் துறை, தனியார் துறை என்ற சண்டை எழவில்லை.

1977 இன் பின்னர் மானியங்கள் நீக்கப்பட்டன. ரூபாவின் பெறுமதி இறக்கப்பட்டது. 1980 இல் பணவீக்கம் 26 வீதத்தைத் தொட்டது. நிலையான சம்பளம் என்ற கேடயம் இப்போது விலங்காக மாறியது. வர்த்தகரால் விலையைக் கூட்ட முடிந்தது. மத்திய கிழக்குக்குச் செல்லக்கூடியவர் சென்றார். இலிகிதரின் சம்பளமோ சுற்றறிக்கைக்காகக் காத்துக்கிடந்தது. 300 ரூபா சம்பள உயர்வும், வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 5 ரூபாவும் தொழிற்சங்கங்களின் கோரிக்கையாக இருந்தன. ஜூன் 5 ஆம் திகதி ஆர்ப்பாட்டத்தின்போது நடந்த தாக்குதலில் சோமபால என்ற தொழிலாளி உயிரிழந்தார். ஜூலையில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசாங்கம் அவசரகால விதிகளைப் பிரகடனப்படுத்தி, வேலைக்கு வராதோர் பதவியைத் தாமாகவே கைவிட்டவர்களாவர் என்று அறிவித்தது. ஏறத்தாழ 40,000 பேர் வீதிக்கு வந்தனர்.

எனது சிறுவயதில் எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒருவர் இருந்தார். திணைக்களம் ஒன்றில் இலிகிதராக இருந்தவர், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தும் கடைகளுக்குக் கணக்கு எழுதியும் காலம் தள்ளினார். வெள்ளை வேட்டியும் நீளக்கைச் சட்டையும் மாத்திரம் மாறவே இல்லை. அரசாங்கச் சம்பளம் விலைவாசியால் கரையும் என்பதையும், நிரந்தர நியமனம் ஒரு வர்த்தமானியால் அழிந்துபோகும் என்பதையும் அந்த ஆண்டு ஒன்றாகக் காட்டியது. ஆனாலும் எமது பெற்றோர் மனம் மாறவில்லை.

அவர்கள் மனம் மாறாமைக்குப் பிற்காலம் ஒரு நியாயத்தையும் வழங்கியது. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றுபோனது. விவசாயியின் வெங்காயத்துக்கும் மீனவரின் பிடிக்கும் சந்தை இல்லாமற்போனது. அந்த ஆண்டுகளில் குடாநாட்டுக்குள்ளும் வன்னிக்குள்ளும் ஒழுங்காக வந்துசேர்ந்த காசு இரண்டு வகைதான். ஒன்று வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பியது. மற்றையது கொழும்பு அனுப்பிய அரசாங்கச் சம்பளமும் பென்ஷனும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பணியாற்றிய ஆசிரியருக்கும் கச்சேரி உத்தியோகத்தருக்கும்கூட அரசாங்கமே சம்பளம் வழங்கியது என்பது வெளிநாட்டவர் பலர் இன்றும் நம்ப மறுக்கும் உண்மை. தாமதமாக வந்தது; ஆனால் வந்தது. சங்கக்கடையிலும் சந்தையிலும் புழங்கியது பெரும்பாலும் அந்தக் காசே. சீமெந்துத் தொழிற்சாலையும் அரசாங்கக் கூட்டுத்தாபனமே என்பதை இங்கே கவனிக்கவேண்டும். அரசுக்குச் சொந்தமான நிறுவனம் எல்லாம் கச்சேரி ஆகிவிடாது.

இதற்கு இன்னும் தெளிவான சான்று மலையகத்தில் இருக்கிறது. 1972 இலும் 1975 இலும் நிறைவேற்றப்பட்ட காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் மூலம் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்படும்வரை, தோட்டத் தொழிலாளியின் எசமான் இலங்கை அரசாங்கமே. அந்த ஆண்டுகளில் அவருக்கு மாதச் சம்பளம் கிடைத்ததா? அரசாங்க ஓய்வூதியம் கிடைத்ததா? இரண்டும் இல்லை. நாட்கூலி நாட்கூலியாகவே இருந்தது. வெள்ளைத் துரை போனார், அரசாங்கத் துரை வந்தார், கம்பனித் துரை வந்தார், பேர்ச்சிட்டு மாறவில்லை. அரசாங்கத் துறையா, தனியார் துறையா என்று கேட்டு ஒப்பிடுவோர் இந்த ஒரு உதாரணத்தைச் சிந்தித்தாலே போதும். சம்பளத்தைக் காப்பாற்றுவது எசமான் யார் என்பதல்ல. தொழிலாளியின் அந்தஸ்து எந்தக் கடதாசியில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே.

இனி எமது காலத்துக்கு வருவோம். 2020 இல் கொவிட் நோய்க்காக நாடு முடக்கப்பட்டது. அரசாங்க ஊழியருக்கு முழுச் சம்பளம் கிடைத்தது. தனியார் துறையிலோ தொழில் வழங்குநர், தொழிற்சங்கங்கள், தொழில் அமைச்சு ஆகிய முத்தரப்பினரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். வேலையின்றி வீட்டில் இருக்கும் ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தின் 50 வீதம் அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடுதலோ அது மே, ஜூன் மாதங்களுக்கு வழங்கப்படும் என்பதே அந்த உடன்பாடு. அதே மே மாதத்தில், ஜனாதிபதியின் செயலாளர் அரசாங்க ஊழியர்கள் தமது மாதச் சம்பளத்தை நன்கொடையாக வழங்கவேண்டும் என்று கடிதம் எழுதிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். ஒரு தரப்பில் அரைச் சம்பளம் சட்டமானது. மறு தரப்பில் முழுச் சம்பளத்தைத் தரும்படி வேண்டுகோள் விடுக்கவேண்டியிருந்தது. அந்தஸ்தின் பெறுமதியை இதைவிடத் துலக்கமாக எவரும் காட்ட முடியாது.

ஆனால் இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறியது. 2022 ஜனவரியில் நிதியமைச்சர் பசில் ராஜபக்ச அரசாங்க ஊழியருக்கு மாதம் 5,000 ரூபா கொடுப்பனவு அறிவித்தார். மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது. 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாவையும் தாண்டியது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2021 செப்டெம்பரில் 40,000 ரூபா பெற்ற ஓர் அரசாங்க ஊழியர், ஒரு வருடம் கழித்துக் கொடுப்பனவுடன் 45,000 ரூபா பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 45,000 ரூபாவின் கொள்வலு முன்னைய ஆண்டின் 26,500 ரூபாவுக்கே சமன். சம்பளச் சீட்டில் 5,000 ரூபா கூடியிருந்தது. சமையலறையில் 13,500 ரூபா குறைந்திருந்தது. எந்த அமைச்சரவையும் தீர்மானம் எடுக்காமல், எந்தச் சுற்றறிக்கையும் வெளிவராமல், மூன்றில் ஒரு பங்கு சம்பளம் வெட்டப்பட்டுவிட்டது.

அந்த ஜூன் மாதத்தில் வெளிவந்த இரண்டு சுற்றறிக்கைகளை வரலாற்று மாணவர்கள் பாதுகாத்து வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து தோட்டம் செய்யும்படி அரசாங்க ஊழியருக்கு விடுமுறை வழங்கியது ஒன்று. சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள்வரை வெளிநாடு சென்று உழைக்க அனுமதித்தது மற்றொன்று. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று சொன்ன நாட்டில், கோறணமேந்தே தனது ஊழியரை வீட்டுக்குச் சென்று கத்தரி நடும்படி கூறியது.

தனியார் துறையினர் மாத்திரம் வேறுவிதமாக வாழவில்லை. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில டொலருடன் இணைத்துச் சம்பளம் வழங்கின. அங்கு வேலை செய்தோர் தப்பினார்கள். கட்டடத் தொழில் ஏறத்தாழ முடங்கியது. ஆடைத் தொழிற்சாலைகளில் மேலதிக நேர வேலை இல்லாமற்போனது. அந்த மேலதிக நேரக் கொடுப்பனவில்தான் அங்குள்ள பெண்களின் வீட்டு வாடகை தங்கியிருந்தது. பத்திரிகைக் கடதாசியின் விலை தாங்காமல் பக்கங்கள் குறைந்தன. சில வெளியீடுகள் நின்றன. பக்கம் குறைந்தால் எழுதுபவரும் குறையவேண்டும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அந்த ஒரே ஆண்டில் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி வெளிநாடு சென்றனர்.

பலரது கவனத்துக்கு வராத இழப்பு 2023 இல் நேர்ந்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது வங்கிகள் விலக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதியின் வசமிருந்த திறைசேரி முறிகள் நீண்டகாலத்துக்கு மாற்றப்பட்டு, 2025 இன் பின்னர் 9 வீத வட்டியே கிடைக்கும் நிலை உருவானது. தனியார் துறை ஊழியர் மாதாமாதம் தனது சம்பளத்தில் 8 வீதத்தையும், எசமான் 12 வீதத்தையும் செலுத்திச் சேர்த்த முதுமைக்காலப் பணம் அது. அரசாங்க ஓய்வூதியரின் பென்ஷன் விலைவாசியால் கரைந்தது. தனியார் ஊழியரின் சேமலாபம் விலைவாசியாலும் கரைந்து, தீர்மானத்தாலும் குறைந்தது. 2011 வரை அரசாங்க ஊழியரின் சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு இருந்ததையும் இங்கே சொல்லியாகவேண்டும். 2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 36 வீதம்வரை வரி விதிக்கப்பட்டபோது, அரசாங்க வைத்தியரும் தனியார் வங்கி முகாமையாளரும் ஒரே நிலைக்கு வந்தனர்.

தோட்டத் தொழிலாளியின் கணக்கு எல்லாவற்றையும்விடச் சுருக்கமானது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. நாடு வங்குரோத்து அடைந்தது, அரசாங்கம் கவிழ்ந்தது, பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அந்த 1,000 ரூபா அசையவில்லை. 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என வர்த்தமானி வெளிவந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. செப்டெம்பரில் கிடைத்தது 1,350 ரூபா. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் அந்த 1,000 ரூபாவின் கொள்வலு 600 ரூபாவுக்கும் கீழே இறங்கியிருந்தது.

பின்னர் நிவாரணம் வந்த ஒழுங்கையும் கவனியுங்கள். 2024 இல் அரசாங்க ஊழியரின் வாழ்க்கைச் செலவுப் படி 10,000 ரூபாவால் உயர்த்தப்பட்டது. தனியார் துறையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 ரூபாவிலிருந்து 17,500 ஆனது. 2025 வரவு செலவுத் திட்டம் அரசாங்க ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்த முன்வந்தது. தனியார் துறையின் குறைந்தபட்சச் சம்பளம் அவ்வாண்டு ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கு 1,750 ரூபா என்பது 2026 இல்தான். அதிலும் 200 ரூபாவை வருகைக் கொடுப்பனவாக அரசாங்கமே செலுத்தவேண்டியிருந்தது. முதலில் தபால் மூலம் வாக்களிப்போர், அடுத்துக் கம்பனி ஊழியர், கடைசியில் மலையகம். இந்த வரிசை தற்செயலானது அல்ல. குரல் எவ்வளவு தூரம் கேட்கிறதோ, அவ்வளவு விரைவாக நிவாரணம் வருகிறது.

இந்த வரிசையில் இடமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் உழைப்போரில் அரைவாசிக்கும் அதிகமானோர் முறைசாராத் தொழில்களிலேயே தங்கியிருக்கிறார்கள். மீன்பிடிப் படகில் கூலிக்குச் செல்பவர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர், பிறர் வயலில் நாற்று நடும் பெண் ஆகியோருக்குச் சுற்றறிக்கையும் இல்லை, சம்பள நிர்ணய சபையும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. அரசாங்க ஊழியரும் தனியார் ஊழியரும் ஒருவரது சம்பளச் சீட்டை மற்றவர் எட்டிப்பார்த்துச் சண்டையிடும்போது, சம்பளச் சீட்டே இல்லாத பெரும்பான்மையினர் வெளியே நிற்கிறார்கள்.

2017 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்து போராடியதை நாம் பார்த்தோம். முப்பது வயது கடந்தும் நியமனக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் எமது பிள்ளைகளைக் கேலி செய்ய என்னால் முடியாது. அவர்கள் ஆசைப்படுவது 40,000 ரூபாவுக்கு அல்ல. நாளையும் வேலை இருக்கும், முதுமையில் பென்ஷன் வரும் என்ற நிச்சயத்துக்கே ஆசைப்படுகிறார்கள். அந்த நிச்சயம் ஒரு சிறு பகுதியினருக்கு மாத்திரம் கிடைக்கும்வரை, அதற்கு வெளியே நிற்பவர் பொறாமைப்படுவதும் உள்ளே நிற்பவர் அஞ்சுவதும் தொடரும்.

எனவே அடுத்த நெருக்கடியின்போது, அது வராமல் இருக்கப்போவதில்லை, அரசாங்க ஊழியருக்குக் கூடுதலா, தனியார் ஊழியருக்குக் கூடுதலா என்று எவராவது கேட்டால், வேறு மூன்று கேள்விகளை நாம் கேட்டாகவேண்டும். விலை ஏறும்போது யாருடைய சம்பளம் தானாகவே ஏறுகிறது? வேலை போகும்போது யாருக்குப் பாதிச் சம்பளமாவது கிடைக்கிறது? அறுபது வயதில் யாருடைய கையில் என்ன இருக்கிறது? இந்த மூன்றுக்கும் கச்சேரியிலும் கம்பனியிலும் தேயிலை மலையிலும் ஒரே பதில் கிடைக்கும் நாளில்தான், கோழியை எங்கே மேய்ப்பது என்ற கவலை எமது பிள்ளைகளை விட்டு நீங்கும்.